விஷக்காய்ச்சல் காலத்தில் தொழிலகம் செய்யவேண்டியவை

ஃப்ளூ என்னும் விஷக்காய்ச்சல், கண்டவருக்கு உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே பிறரைத் தொற்றத் தொடங்கி, அதன் பின்னும் ஐந்தாறு நாட்கள் தொற்றிக்கொண்டேயிருக்கும் சுபாவமுடையது. அப்படியிருந்தும் ஒரு தொழிலாளி இருமிக்கொண்டே யந்திரத்தின் முன் வந்து நிற்பாரானால், அது பெரும்பாலும் அசட்டையினால் அன்று. அன்றைய கூலி போய்விடுமே என்னும் அச்சத்தினால்தான். ஆகவே, சோப்பும் முகக்கவசமும் வாங்குவதற்கு முன்னால், அந்த அச்சத்தைப் போக்குவதே நிர்வாகத்தின் முதற்காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்கு, நோய் பரவுமுன்பே விடுப்பு விதியை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காய்ச்சலும் இருமலும் கண்டவர் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டில் தங்கவேண்டும் என்பதும், காய்ச்சல் மாத்திரையின் துணையின்றி 24 மணி நேரம் உடல் சூடு தணிந்திருந்த பின்பே திரும்பவேண்டும் என்பதும், அந்நாட்களின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதும் அதில் ஐயமற விளங்கவேண்டும். வடமாநிலத் தொழிலாளர் மிகுந்த திருப்பூர் போன்ற ஊர்களில் அதை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுவது அவசியம்.

சம்பள விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்கு 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம், ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை அளிக்கிறது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியமுடையோர் தொழிலாளர் அரசுக் காப்பீடாகிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்து, ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதத்தை நோய்க்கால உதவியாகப் பெறலாம். ஆனால் புதிதாக வந்த நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு இந்த உதவி கிடையாது. ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் காய்ச்சலில் இரண்டு நாள் என்பது ஏழைக்குச் சிறு நஷ்டமல்ல. அவ்விரண்டு நாட்களின் கூலியை முதலாளி தாமே ஏற்பதுதான் நியாயம். தொற்று பரவிப் பாதிப் பேர் படுத்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட, அது அற்பத் தொகை.

தொழிலாளி செய்யவேண்டியது, காய்ச்சல் கண்ட அன்றே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் சென்று மருத்துவச் சான்றிதழ் பெற்று, அதன் நகலொன்றை வீட்டில் பத்திரப்படுத்துவது. தாமதிக்காமல் போவதில் வேறொரு பிரயோஜனமும் உண்டு: ஓசெல்டாமிவிர் மருந்து தேவையென வைத்தியர் கருதினால், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதே அது நன்கு பலனளிக்கும். ஒப்பந்தத் தொழிலாளர் தங்களுக்கும் சந்தா கட்டப்படுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினாலும் மூலமுதலாளிக்குப் பொறுப்பு உண்டு.

வேலைக்கூடத்தில் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். சாப்பாட்டு இடைவேளையைப் பிரித்துவிடுங்கள். குழாயடியில் சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர் ஆகியோரை நெரிசலற்ற பணிக்கு மாற்றுவதும், வருஷந்தோறும் ஃப்ளூ தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்வதும் விவேகம்.

ஒவ்வொரு பணியையும் இருவராவது அறிந்திருக்குமாறு முன்பே பழக்கிவைத்தால், வராதவரின் சுமை வந்தவர்மேல் திடீரென விழாது. அப்படியும் வந்தவர் கூடுதல் நேரம் உழைக்க நேர்ந்தால், தொற்றுக்காலத்தைக் காரணங்காட்டி அதற்குரிய கூலியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, ஆலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதித்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டைக்கூலி வேண்டியதில்லை என்று பிறப்பித்த அறிவிக்கையை, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ரத்து செய்து, நிலுவைத் தொகையைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. ஆதலின் கூடுதலாக உழைத்த ஒவ்வொரு நாளின் தேதியையும் நேரத்தையும் தொழிலாளி தமது நோட்டில் குறித்துவைத்து, கூலி வராவிடில் அக்குறிப்போடு தொழிலாளர் நல அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிட்டு, மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்கவேண்டும்.