சொன்னதும் சொல்லாததும்

கேள்வி: தன் வாழ்க்கையையே கட்டுரையாக்குகிறவர் எதையும் மறைக்கக் கூடாதுதானே?
– வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: பொய் சொல்லக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 1969-இல் ‘லைஃப்’ இதழில், விவாகரத்துக்குப் போகாமல் ஹவாய்க்கு வந்திருப்பதாகப் போகிறபோக்கில் எழுதினார். சண்டை எதனால் என்பதைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைச் செப்பனிட்டவரே கணவர் ஜான் கிரிகரி டன்தான்!

2003 டிசம்பர் 30 இரவு, சாப்பாட்டு மேஜையில் டன் சரிந்து இறந்தார். 2005-இல் வெளியான ‘தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்’ நூலில் டிடியன் ஒப்பாரி வைக்கவில்லை. மருத்துவமனைக் குறிப்புகளை அடுக்கினார்; கணவர் திரும்பி வந்தால் வேண்டுமே என்று அவருடைய காலணிகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டதை வெறும் தகவலாகச் சொன்னார். கலங்குவது வாசகர்தான்.

டிடியன் 2021-இல் மறைந்தார். மனநல மருத்துவரிடம் பேசியதைக் கணவருக்கென அவர் எழுதிவைத்த குறிப்புகள் 2025-இல் நூலாயின. மகளின் குடிப்பழக்கம் வரை அதில் இருக்கிறது. எதை விடுவது என்று தீர்மானிக்க அவர் இல்லை. தன் அந்தரங்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். உடனிருப்பவருடையதை எழுத அவர் சம்மதம் வேண்டும்.