தாகம் வேற, சரக்கு வேற

பெரம்பூரில் 40 கத்திரி பார்த்தவன் நான். பகலெல்லாம் ரயில் பெட்டிக்கு வெல்டிங், சாயங்காலம் இரண்டு லார்ஜ் விஸ்கி என்று ஓடிய காலம் உண்டு. இப்போது ஒன்றோடு சரி. புதிதாகப் பழகியிருக்கும் பக்கத்து மாடித் தம்பிகள் கேட்டதால் சொல்கிறேன். 21 வயது ஆகாதவன் எழுந்து போகலாம். இதுவரை தொடாதவன் தொடவே வேண்டாம்.

1. முதலில் தண்ணி. குழாயில் வருகிற தண்ணியைச் சொல்கிறேன்! ஷிஃப்ட் முடிந்து வந்தவனுக்குத் தொண்டை வறண்டிருக்கும். அந்த வறட்சியோடு கிளாஸை எடுத்தால் ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஒரு சொம்பு மோர் குடி, குளி, அரை மணி நேரம் விசிறிக்கடியில் உட்கார். பாதி நாள் விஸ்கி ஞாபகமே வராது.

2. மதியம் வேண்டாம். டாஸ்மாக் திறப்பது 12 மணிக்கு, வெயில் மண்டையைப் பிளப்பதும் அப்போதுதான். ராயபுரத்தில் கடல்காற்று எழும்பி நம் தெருவரைக்கும் வந்து சேர இன்னும் நேரமாகும். சூட்டைத் தணிக்க உடம்பு ஏற்கெனவே ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சரக்கும் அதே வேலையைச் செய்தால் பிரஷர் இறங்கும், எழுந்தவுடன் கண் இருட்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அன்றைக்கு நான் மோரோடு நிறுத்திக்கொண்டேன்.

3. கோடை வந்தால் விஸ்கிக்காரன் பீருக்கு மாறுவான். "சும்மா பீர்தானே அண்ணே" என்பான். கணக்குப் போடு. ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 52 மில்லி. நம்மூர் விஸ்கி 42.8 சதவீதம், ஒரு லார்ஜ் 60 மில்லி, அதில் கிட்டத்தட்ட 26. ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜுக்குச் சமம். இரண்டு பீர் அடித்தவன் ஒரு குவார்ட்டரைத் தாண்டிப் போயிருக்கிறான். தாண்டியது அவனுக்குத் தெரியாது, பைக்கையும் எடுப்பான்.

4. ஐஸ் நிறையப் போட்டால் நாக்கு மரத்துவிடும். காரம் தெரியாது, அளவும் தெரியாது. கிளாஸில் ஊற்றுமுன் மூடியாலோ அளவுக் குப்பியாலோ அளந்துவிடு. அப்புறம், காசிமேட்டில் மீனுக்கு உடைக்கிற ஐஸை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. அது மீனுக்கானது.

5. சரக்கு உள்ளே போனதும் சிறுநீரைப் பிடித்துவைக்கிற ஹார்மோன் அடங்கிவிடும். ஏற்கெனவே வியர்வையில் போனது போக, பாத்ரூமிலும் போகும். ஒரு கிளாஸுக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர். சைடிஷுக்கு ஊறுகாயை மட்டும் நக்காமல் வெள்ளரி, தர்பூசணி, சுண்டல் வை.

6. வீட்டுக்குள் அனல் தாங்காமல் கோடையில் குடி மொட்டை மாடிக்கு ஏறும். நானும் ஏறியவன்தான். கைப்பிடிச் சுவரில் உட்காராதே. குடித்தபின் அங்கே படுக்காதே.

7. காற்று வாங்கத் திருவொற்றியூர் போனால் கரையோடு நில். குடித்துவிட்டுக் கடலில் கால் வைக்காதே.

8. பாட்டிலை வண்டியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ வைக்காதே. சூடு சரக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு: பெங்களூரில் அம்ருத் கம்பெனிக்காரர்கள் மரப்பீப்பாயில் ஊறவைக்கும் மால்ட் விஸ்கியில் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடுகிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு சதவீதம்தான். பெங்களூருக்கே இந்தக் கதி என்றால், பெரம்பூரில் பீப்பாய் வைத்தால் கடைசியில் பலகைதான் மிஞ்சும்.

9. பிரஷர், சுகர் மாத்திரை போடுகிறவன் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

10. இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கூட இருந்தவன் சாய்ந்துவிட்டால் "மட்டையாயிட்டான், விடு" என்று போய்விடாதே. தொட்டுப் பார். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சும் குழறினால் அது வெயில் தாக்கியதாக இருக்கலாம். போதையும் வெயில் தாக்குதலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிழலுக்கு இழுத்துப் போய், சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு விசிறு. நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்கவை. 108-ஐ முதலிலேயே கூப்பிடு. குடித்திருக்கிறான் என்பதையும் மறைக்காமல் சொல்.