டொன்சில் சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டில் பராமரிப்பு

டொன்சில் அல்லது அடினோயிட் எடுத்த பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து ஓரிரு நாளில் வீடு வந்துவிடும். தொண்டைப் புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். இடம்பெயர்ந்து உறவினரின் லயக்காம்பராவில் நெருங்கி வாழும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மூன்றாம் நான்காம் நாளில் வலி குறையாமல் கூடினால் பயப்படவேண்டாம். காதும் வலிக்கும், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புத் தொடர்பு உண்டு. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள். தொண்டையில் தெரியும் வெள்ளைப் படை சீழ் அல்ல, புண்ணை மூடும் தோல். அதைத் துணியால் துடைக்கும் பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். அன்போடு தடுத்துவிடுங்கள்.

விழுங்க வலிக்கிறதென்று பிள்ளை தண்ணீரை மறுக்கும். தொண்டை காய்ந்தால் வலி இன்னும் கூடும். ஆகவே வைத்தியர் எழுதிய அளவில் பனடோலை நேரம் தவறாமல் கொடுத்து, அரை மணித்தியாலம் கழித்துக் கஞ்சி, ஆறிய தேத்தண்ணி, குழைந்த சோறு கொடுங்கள். குளிர்ந்த பானமும் நல்லது. டிக்கோயாக் குளிரில் சளி பிடிக்கும் என்ற அச்சம் வேண்டாம். கட்டசம்பலும் புளியும் சில நாள் ஒதுங்கட்டும். அஸ்பிரின் கலந்த குளிசை கூடவே கூடாது. அது இரத்தப்போக்கைக் கூட்டும். அடுப்புப் புகையிலிருந்து பிள்ளையைத் தள்ளிப் படுக்கவையுங்கள். காம்பராவில் ஒருவரும் சுருட்டு, பீடி குடிக்கக்கூடாது.

இனி முக்கியமான விடயம். முதல் நாளும், பிறகு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையும் இரத்தம் கசியலாம். அம்மா கொழுந்து பறிக்கத் திரும்பிப்போகும் நாட்களும் அவைதான்! ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அக்காவுக்கும் இதைச் சொல்லிவைக்கவேண்டும். தூக்கத்தில் அடிக்கடி விழுங்குதல், சிவந்த எச்சில், கோப்பித் தூள் நிற வாந்தி ஆகியவை அடையாளங்கள். சிவந்த இரத்தம் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பிள்ளையை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, இரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். லயத்துக்கு வண்டி வராதென்றால் பிரதான வீதிக்குத் தூக்கிச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை கண்டியில் நடந்திருந்தாலும், முதலில் போகவேண்டியது அருகிலுள்ள டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குத்தான். இந்திய உதவியுடன் கட்டிய அதன் 150 கட்டில் கொண்ட கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரித் துண்டையும் கொண்டுபோங்கள்.

அரை நாளுக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலும், கடுங்காய்ச்சல் இருந்தாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். வாய் நாற்றமும் மூக்கால் பேசுவதும் தானாக மாறும். பாடசாலைக்கும் ஓடி விளையாடவும் இரண்டு வாரம் கழித்து விடுங்கள்.