வியன்னாவில் வேலை, ஜனவரியில் வால்ட்ஸ்

வியன்னாவில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆகியிருக்கும். நவம்பர் கடைசியில் டீம் லீடர் உங்கள் மேசைப் பக்கம் வந்து, "ஜனவரி நடன இரவுக்கு நம் துறைக்கென்று ஒரு மேசை எடுக்கிறோம், வருகிறீர்களா?" என்று கேட்பார். நம்மவர்கள் யோசிக்காமல் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "எனக்கு டான்ஸ் தெரியாதே." தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். கேட்டவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

இந்த நடன இரவுகளைக் கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வைத்தது ஸ்டேட் ஓப்பராவில் நடக்கும் ஓப்பரா நடன இரவு. சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழனன்று நடக்கும், தொலைக்காட்சியில் நேரலையாக வரும். உள்ளே நுழைய மட்டும் 350 யூரோவுக்கு மேல்; பால்கனி அறை வேண்டுமென்றால் 20,000 யூரோவைத் தாண்டும். அதை மறந்துவிடுங்கள். அந்த ஊரில் ஒரு பருவத்துக்கு 400-க்கும் மேற்பட்ட நடன இரவுகள் நடக்கின்றன. அவற்றில் பல தொழிலை ஒட்டியவை. காபி ஹவுஸ் முதலாளிகளுக்கு ஒன்று, கேக், மிட்டாய் செய்கிறவர்களுக்கு ஒன்று, மருத்துவர்களுக்கு ஒன்று, வழக்கறிஞர்களுக்கு ஒன்று. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தனியாக நடத்துகிறது. 2015 முதல் நகர மண்டபத்தில் விஞ்ஞானிகளும் கூடி ஆடுகிறார்கள். இந்தியர்களும் வேலை பார்க்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஊழியர் சங்கமும் ஹோஃப்பர்க் அரண்மனையில் நடன இரவு நடத்தி வந்திருக்கிறது. பருவம் நவம்பர் 11, காலை 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்குவதாகக் கணக்கு. ஆனால் சூடு பிடிப்பது ஜனவரியில்தான். தவக்காலம் வந்ததும் அடங்கிவிடும்.

வேலைக்கு இதனால் என்ன லாபம்? பதவி உயர்வு வராது, அந்த ஆசையோடு போகாதீர்கள். விசிட்டிங் கார்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறவரை வியன்னாக்காரர்கள் ரசிப்பதில்லை. ஆனால் ஆஸ்திரிய அலுவலகம் பட்டங்களால் ஆனது. டாக்டர், மாகிஸ்டர், இன்ஜினியர் என்று பெயருக்கு முன்னால் வைத்துத்தான் அழைப்பார்கள். வருடக்கணக்கில் "நீங்கள்" போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்த இறுக்கம் தளர்கிற இடம் வருடத்தில் ஒன்றிரண்டுதான், அதில் இது முக்கியமானது. சம்பளப் பிரிவில் இருக்கிற, மின்னஞ்சலில் மட்டுமே பழகிய ஒருவரோடு பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் இழுத்த காரியம் ஒரு போன் காலில் முடியும். அவ்வளவுதான் லாபம். வெளிநாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய லாபம் என்று தெரியும்.

உடை: அழைப்பிதழைக் கடைசி வரி வரை படியுங்கள்

இதில் மட்டும் சமாளிப்பு செல்லாது. உடை சரியில்லை என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அழைப்பிதழில் "ஸ்மோக்கிங்" என்று இருந்தால் டக்ஸீடோவும் கறுப்பு போ-டையும். "ஃபிராக்" என்று இருந்தால் பின்னால் வால் தொங்கும் கோட்டும், வெள்ளை வெயிஸ்ட் கோட்டும், வெள்ளை போ-டையும். ஓப்பராவில் ஆண்களுக்கு ஃபிராக் கட்டாயம்; பெரும்பாலான தொழில் சங்க இரவுகளுக்கு டக்ஸீடோவே போதும், சிலவற்றில் அடர் நிற சூட்டும் போதும். எதையும் வாங்காதீர்கள். வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் ஊரெங்கும் உண்டு, ஜனவரி நெருங்கும்போது உங்கள் அளவு கிடைக்காமல் போகும் என்பதால் டிசம்பரிலேயே சொல்லி வையுங்கள். ஃபிராக்கோடு கைக்கடிகாரம் கட்டுவதில்லை. வேட்டைக்காரர்கள் நடத்தும் இரவு நேர்மாறு: அங்கே ஆல்ப்ஸ் மலைநாட்டு உடைதான் முறை, டக்ஸீடோவில் போய் நின்றால் நீங்கள்தான் வேடிக்கைப் பொருள்.

பெண்களுக்குத் தரையைத் தொடும் நீளம் வேண்டும். புடவை அந்த விதிக்குள் கச்சிதமாக அடங்கும். பல நடன இரவுகளில் அவரவர் நாட்டு உடையும் ஏற்கப்படுகிறது. எதற்கும் நடத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். வெள்ளை மட்டும் வேண்டாம். அன்றைய தொடக்க நடனத்தை ஆடும் இளம்பெண்களின் நிறம் அது. கசவுப் புடவையை வேறொரு நாளைக்கு எடுத்து வையுங்கள்.

புடவையில் வால்ட்ஸ் ஆட முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் கட்டுவதில் யோசனை வேண்டும். ஆடப்போகிற செருப்பை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம் கட்டுங்கள். கீழ் விளிம்பு புறங்காலோடு நிற்கட்டும். இப்போது பலரும் போடும் இறுக்கமான ஷேப்வேர் பாவாடையில் ஓர் அடி பின்னால் வைக்க முடியாது; பழைய அகலப் பாவாடையே மேல். கொசுவத்துக்கு உள்பக்கமாக இரண்டு ஊக்கு, முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் குத்திவிடுங்கள். விட்டால் அது பக்கத்து ஜோடியின் கோட்டுப் பொத்தானில் மாட்டும். கனத்த காஞ்சிபுரத்தைவிட மெல்லிய பட்டு நல்லது. ஆண்களுக்கு நீளமான பந்த்கலா எடுபடும். வேட்டியிலும் வரலாம் என்று எனக்கு ஆசைதான், ஆனால் முதல் வருடமே வேண்டாம்.

வெளியே உறைபனி. பூட்ஸில் போய், கோட்டு வைக்கும் இடத்தில் மாற்றிக்கொள்வதுதான் ஊர் வழக்கம். தோல் அடி வைத்த ஷூ தேவை. ரப்பர் அடி மரத்தரையில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால்தான் திரும்பும்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று

நடன இரவு நடக்கும் இடத்தில் ஓர் அறையில் சா-சா, ஒரு மூலையில் டிஸ்கோ என்று எல்லாம் ஓடும். அவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வியன்னா வால்ட்ஸில் வலப்பக்கச் சுற்று ஒன்றைக் கற்றுக்கொண்டால் அன்றிரவு தப்பித்துவிடலாம். ஆறே அடி. ஆண் வலது காலை முன்னால் வைக்கிறார், இடது கால் பக்கவாட்டில், வலது கால் வந்து சேர்கிறது. பிறகு இடது கால் பின்னால், வலது பக்கவாட்டில், இடது சேர்கிறது. பெண்ணுக்கு அதே ஆறு, முன்பாதி பின்பாதி மாறி வரும். ஜோடி தன்னைத்தானே வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, மண்டபத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறது. நம்மை மிரட்டுவது அடிகள் கிடையாது, வேகம். மெதுவான வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 தாள வட்டம். வியன்னா வால்ட்ஸ் அதற்கு இரு மடங்கு, 60. அதாவது நிமிடத்துக்கு 180 எண்ணிக்கை.

இங்கேதான் நமக்கு ஒரு சலுகை. மூன்றின் நடை நம் காதுக்குப் பழையது. ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணாதீர்கள், வாய் பின்தங்கும். "தகிட தகிட" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, "த" விழும்போது மட்டும் காலை அழுத்துங்கள். பரதம், மிருதங்கம் என்று சின்ன வயதில் எதையாவது தொட்டவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

ஆண் தன் வலது கையைத் துணையின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வைக்க வேண்டும், இடுப்பில் அல்ல. இதை நம் ஆண்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடி உறுதியாக இருந்தால் உடல் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. அடிகள் சிறியதாக இருக்கட்டும். தலை சுற்றினால் துணையின் தோளைத் தாண்டிப் பாருங்கள், தரையைப் பார்க்கவே கூடாது. இன்னும் சுற்றினால் மண்டபத்தின் நடுப்பகுதிக்கு வந்து, நின்ற இடத்தில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருங்கள். வெளிவட்டம் வேகமாகப் போகிறவர்களுக்கானது. அங்கே திடீரென்று நிற்பது நெடுஞ்சாலையில் பிரேக் போடுவது மாதிரி.

எங்கே கற்பது? முன்னாள் குதிரைப்படை அதிகாரி ஒருவர் 1919-இல் தொடங்கிய எல்மாயர் பள்ளியிலிருந்து பேட்டை நடனப் பள்ளி வரை, பருவத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் கிடைக்கும். இரண்டு மூன்று வகுப்பு போதும். வீட்டு வரவேற்பறையில் மேசையை நகர்த்திவிட்டுப் பழகுங்கள். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்த இரவு

ஒன்பது, பத்து மணிக்குத் தொடக்கம். இளம் ஜோடிகள் வரிசையாக வந்து ஆடி முடித்ததும் "அல்லெஸ் வால்ட்ஸர்!" என்று குரல் எழும். எல்லோரும் ஆடலாம் என்பதற்கான அனுமதி அது. பெரும்பாலும் அடுத்து வருவது இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 1867-இல் அரங்கேற்றிய நீல டான்யூப். அதில் நீளமான முன்னிசை ஒன்று இருக்கிறது, வால்ட்ஸ் தொடங்கிய பிறகும் முதலில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வேகமெடுக்கும். புதியவர்கள் அதில் தடுமாறுவது வாடிக்கை. அந்தப் பாட்டில் தரையும் திருவிழாக் கூட்டமாகிவிடும். இரண்டாவது பாட்டுக்கு இறங்குங்கள்.

முதல் ஆட்டம் கூட வந்தவரோடு. பிறகு ஆண்கள் தங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணையும் ஒருமுறையாவது ஆட அழைப்பது பழைய மரியாதை. மேலாளரின் மனைவியை மட்டும் அழைத்துவிட்டு, மூலையில் இருக்கும் கணக்குப் பிரிவு அம்மையாரை விட்டுவிட்டால் அது எல்லோர் கண்ணிலும் படும். ஆடி முடித்ததும் அவரை நாற்காலி வரை கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்ல வேண்டும். பாதித் தரையில் விட்டுவிட்டு வருவது பெரிய அவமதிப்பு. பெண்களும் அழைக்கலாம். மாணவர் சங்கம் ஒன்று ஹோஃப்பர்க்கில் நடத்தும் ருடால்ஃபினா இரவில் நள்ளிரவு வரை பெண்கள் முகமூடி அணிந்திருப்பார்கள், யாரோடு ஆடுவது என்று தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான்.

அந்நியர் கையைப் பிடித்து ஆடுவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால்? அதில் தவறே இல்லை. "இந்த ஒன்றை உட்கார்ந்து பார்க்கிறேன், நன்றி" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் ஒருவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு அதே பாட்டுக்கு வேறொருவரோடு எழுந்துவிடாதீர்கள். மேலதிகாரி அழைத்தாலும் இதே பதில்தான். அவர் முகம் சுளித்தால் பிழை அவருடையது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நள்ளிரவு உணவு என்றால் அங்கே சாசேஜும் மாட்டிறைச்சிக் குலாஷும்தான். மது தொடாதவர்கள் ஆப்பிள் சாறில் சோடா கலந்து கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எதைக் குடித்தாலும் கோப்பையை உயர்த்தும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

எதைத் தவறவிட்டாலும் நள்ளிரவு குவாட்ரில்லைத் தவறவிடாதீர்கள். ஜோடிகள் எதிரெதிர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் மைக்கில் பிரெஞ்சுச் சொற்களில் கட்டளை போடுவார்: வணங்கு, இடம் மாறு, கையைப் பிடித்துச் சுற்று. இசை பெரும்பாலும் ஸ்ட்ராஸின் ஃப்ளெடர்மாஸ் குவாட்ரில். முதல் முறை மெதுவாக, அடுத்த முறை வேகமாக. அதற்குள் பாதிப் பேர் தப்பான வரிசையில் நிற்பார்கள், இயக்குநர் யார் கையையோ பிடித்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் முழிப்பார். கடைசியில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஓடுவார்கள். உங்களுக்குத் தெரியாது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருடமாக ஆடுகிறவர்களுக்கும் அதேதான் கதி. அலுவலகத்தில் பிறகு பல மாதம் பேசப்படுவதும் இந்தக் குளறுபடிதான், உங்கள் வால்ட்ஸ் இல்லை.

கிளம்புவது நான்கு மணிக்கோ ஐந்துக்கோ. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். வாரநாளில் இரவுப் பேருந்துதான். வாரநாளாக இருந்தால் மறுநாள் விடுப்பை டிசம்பரிலேயே போட்டு வையுங்கள். டீமே போட்டிருக்கும்.

திங்கட்கிழமை

மூத்தவரோ மேலதிகாரியோ அந்த இரவில் உங்களிடம் "இனிமேல் பெயர் சொல்லியே கூப்பிடு" என்று சொல்லியிருக்கலாம். அது பெரியவர்தான் தர வேண்டியது. நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. தந்த பிறகு அது திங்கட்கிழமையும் செல்லும். நம் பழக்கத்தில் மறுபடி "டாக்டர்" போட்டு அழைத்தால், கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது போல் ஆகிவிடும். அவருக்கே நினைவில்லை என்று தோன்றினால், அவர் முதலில் பேசும்வரை பொறுத்து, அவர் எப்படி அழைக்கிறாரோ அப்படியே அழையுங்கள்.

மற்றவர்கள் இருக்கும் படங்களை அவர்களைக் கேட்காமல் குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், முக்கியமாக இரண்டு மணிக்குப் பிறகு எடுத்தவற்றை. மேசைக்குப் பணம் கட்டியது நிறுவனமா, யாராவது தன் கையிலிருந்து போட்டாரா என்று விசாரித்து, உரியவருக்கு இரண்டு வரி நன்றி எழுதுங்கள். வாடகைக் கோட்டைத் திருப்பித் தருவதற்கு முன்னால் பைகளை ஒருமுறை துழாவிப் பாருங்கள். கோட்டு வைத்த டோக்கனும், யாரோ காகித நாப்கினில் எழுதிக் கொடுத்த எண்ணும் அங்கேதான் இருக்கும்.