பருப்பில் கை வைக்காதே

அன்புள்ள கதிர்,

அம்மா எழுந்து நடமாட இன்னும் இரண்டு மாதமாகும் என்றாய். அதுவரை அடுப்பும் மளிகைப் பணமும் உன் பொறுப்பு. நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். அரிசி 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லாமல் வருகிறது, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் பருப்பைக் குறைத்திருக்கிறாய். அதுதான் எனக்குச் சரிப்படவில்லை.

சத்துணவுக் கூடத்தில் கிராம் கணக்கில் பருப்பை எடைபோட்டே காலத்தை ஓட்டியவள் உன் அத்தை. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நான்கு பேருக்கு, முப்பது நாளைக்குப் பங்குபோட்டுப் பார். தலைக்கு எட்டு கிராம்! அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பு, பயறு வகைகளில்தான் நிறைய. வெறும் ரசத்தை ஊற்றிப் பிசைந்தால் வயிறு நிறையும், வளருகிற உன் தங்கைக்கு அது போதாது.

கொள்ளு, தட்டைப்பயறு, பாசிப்பயறு, எது மலிவோ அதில் மாதம் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கு. கொள்ளு வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, அதில் ரசம் வை. வெந்த கொள்ளை மிளகாய், பூண்டோடு அரைத்தால் துவையல். தட்டைப்பயறை இரவே ஊறப்போட்டுக் கத்தரிக்காயோடு குழம்பு வை. ரேஷன் பருப்பு லேசில் வேகாது. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். குழைந்த பிறகுதான் புளியும் தக்காளியும். முன்னாலேயே புளிப்பு சேர்ந்தால் பருப்பு விறைத்துக்கொள்ளும், கேஸ்தான் தீரும்.

இதற்குக் காசு? உன் கணக்கிலேயே இருக்கிறது. முக்குக் கடையில் தினமும் ஐந்து ரூபாய்ப் பொடிப் பாக்கெட், வாரம் மூன்று மாவுப் பாக்கெட். மிளகாய், மல்லியை வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரை. மாவுக்கு ரேஷன் புழுங்கலரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். அரசு கொடுத்த கிரைண்டர் பரணில்தானே தூங்குகிறது?

வாரச் சந்தைக்கு இருட்டும் நேரத்தில் போ. கடை கட்டும் அவசரத்தில் கூறு விலை இறங்கும். கீரை மட்டும் அந்நேரம் வாங்காதே, வாடிப்போயிருக்கும். அதற்குத்தான் கொல்லையில் முருங்கை நிற்கிறதே.

அம்மாவுக்குத் தினம் ஒரு முட்டை. அதில் கணக்குப் பார்க்காதே.

இன்னொன்று, அடுத்த மாதக் கணக்கில் டீக்கடைச் செலவையும் எழுது. அந்த ஒரு வரியை மட்டும் சாமர்த்தியமாக விட்டிருக்கிறாய்.

அன்புடன்,
அத்தை