முதலில் அறை, அப்புறம் மைக்

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ், ஹெட்போன், ஒரு மைக் என்று வைத்துக்கொண்டு பாட்டைப் பதிவு செய்வது இன்று எட்டாக்கனி இல்லை. பாடுகிறவர்கள், வீணையும் வயலினும் வாசிக்கிறவர்கள், மிருதங்கக்காரர்கள் என்று இளையவர்கள் பலர் வீட்டில் இப்படி ஓர் இடத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த மைக் வாங்கலாம்?" நல்ல ஒலி என்பது கடையில் கிடைக்கும் பொருளில் இருக்கிறது என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை நம்பி மாதத் தவணையில் சிக்கிக்கொண்டவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. காசு போயிருக்கும், ஒலி மட்டும் பழையபடியே இருக்கும். அதனால் இந்த வாரம், ரெக்கார்டிங் பற்றி வாய்மொழியாகப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளை எடுத்துக்கொள்கிறேன்.

"விலை கூடிய மைக் என்றால் குரல் தானாக எடுபடும்"

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த யூ 87 உலகெங்கும் பெரிய ஸ்டுடியோக்களில் இருக்கிறது. இன்று அதை வாங்க லட்சங்கள் வேண்டும். அருமையான மைக், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1982-இல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்துக்குக் குரல் பதிவு செய்த ப்ரூஸ் ஸ்வீடியன் எடுத்தது அதை அல்ல. வானொலி அறிவிப்பாளர்கள் பயன்படுத்திவந்த ஷூர் எஸ்எம்7 என்ற டைனமிக் மைக்கை எடுத்தார். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மைக்குகளை நன்றாக அறிந்தவர் அவர். அந்தக் குரலுக்கு இது பொருந்தியது, அதனால் எடுத்தார்.

பொருத்தம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குறைந்த விலைக் கண்டென்சர் மைக்குகளில் பல, 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைத் தூக்கிக் காட்டும்படி செய்யப்பட்டவை. கடையில் போட்டுக் காட்டும்போது 'பளிச்' என்று இருக்கும். 'ச', 'ஸ' ஒலிகள் இயல்பிலேயே கூர்மையாக வரும் பாடகருக்கு அதே மைக் எதிரியாகிவிடும், ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் குத்தும். அவருக்கு மேல்பகுதி அடங்கிய டைனமிக் மைக் பாதி விலையில் நல்ல பலன் தரலாம். கம்மிய குரலுக்கு நேர்மாறு. குரலைக் கேட்காமல் மைக்கைச் சிபாரிசு செய்ய யாராலும் முடியாது.

"கண்டென்சர் தெருச் சத்தத்தை எல்லாம் இழுத்துவிடும், டைனமிக் இழுக்காது"

இதை நம்பாதவர்கள் குறைவு. நம்புவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஒரே அளவு ஒலிக்குக் கண்டென்சரான யூ 87 மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம், டைனமிக்கான எஸ்எம்7பி (எஸ்எம்7-இன் பின்வந்த வடிவம்) மைக்கிலிருந்து வருவதைப் போல் சுமார் 25 மடங்கு. டெசிபலில் சொன்னால் 28. கெயின் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால், தெருமுனையில் போகும் பஸ் வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். ஆனால் குரலும் அதே அளவுக்குத்தானே ஏறியிருக்கிறது?

இரண்டையும் உதட்டிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். குரல் ஒரே அளவில் கேட்கும்படி கெயினைச் சரிசெய்யுங்கள். இப்போது பஸ் சத்தமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மைக்குக்குள் எந்தத் தொழில்நுட்பம் இருந்தாலும், எது குரல், எது பஸ் என்று அதற்குத் தெரியாது. வித்தியாசத்தை உண்டாக்குபவை இரண்டு: மைக் எந்தத் திசைகளிலிருந்து ஒலியை வாங்குகிறது என்பதும், வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும். தூரம் ஒரு மடங்கு கூடும்போது குரல் 6 டெசிபல் குறையும், அறைச் சத்தம் குறையாது. ஓரடி தள்ளிப் பாடிக்கொண்டிருந்தவர் அரை அடிக்கு வந்தால், பைசா செலவில்லாமல் 6 டெசிபல் லாபம். முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்ட் மைக்குக்கு இன்னும் நெருங்கினால் கீழ்ஸ்வரங்கள் செயற்கையாகப் பருக்கும் என்பதால், அரை அடி என்பது தொடங்குவதற்கு நல்ல இடம்.

"சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டுடியோ"

இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது. நான் கேட்கும் வீட்டுப் பதிவுகளில் பத்தில் எட்டு, மைக்கால் கெடவில்லை, அறையால் கெட்டிருக்கின்றன.

வெளிச் சத்தத்தைத் தடுப்பது ஒரு வேலை, உள்ளே எதிரொலியை அடக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தடுப்பதற்கு வேண்டியது எடையும், காற்றுப் புகாத அடைப்பும். முட்டை அட்டைக்கு எடை கிடையாது. அது எதையும் தடுக்காது, தீப்பிடித்தால் வேகமாக எரியும், அவ்வளவுதான். சுவரும் கதவும் எவ்வளவு கனமாக இருந்தாலும், மொத்தப் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுப்புக் கிடைக்காது. ஆகவே ஃபோம் வாங்கும் முன் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் ஜன்னல் விளிம்பையும் ரப்பர் பட்டையால் அடையுங்கள்.

எதிரொலி விஷயத்துக்கு வருவோம். முட்டை அட்டையும் இரண்டு அங்குல ஃபோமும் மேல்பகுதி ஒலிகளை மட்டும் உறிஞ்சும், கீழ்ப்பகுதியைத் தொடவே தொடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அதன் முன்னால் இரண்டு அங்குலம் எம்மாத்திரம்! சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிய அறையில் குரலின் ஒளி போய்விடும், முழக்கம் அப்படியே தங்கிவிடும், பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருக்கும். ஒட்டாமல் விட்டிருந்தாலே தேவலை என்று தோன்றும்.

நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சர்வ சாதாரணம். கூரை உயரமும் பத்தடி என்றால் அது ஒரு கனசதுரம். ஒலிக்கு அதைவிட மோசமான வடிவம் அமைவது கடினம். ஒலி நொடிக்கு சுமார் 346 மீட்டர் ஓடுகிறது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அலை ஒத்ததிர்ந்து நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசைகளிலும் அதே 57 ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அதற்கு அடுத்தவை 80, 98, 113. இப்போது ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மந்தர ஸ்தாயிப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ், அறையின் ஒத்ததிர்வு விழும் அதே இடம். அறையின் நட்டநடுவில் 57, 80, 98 மூன்றும் அடங்கிவிடும், 113 மட்டும் எழும். அங்கே பஞ்சமம் மெலிந்து, தைவதமும் நிஷாதமும் நடமாடும் இடம் பருக்கும். மூலையிலோ எல்லாமே பருக்கும். பாடகர் சீராகத்தான் பாடுகிறார், அறை அவர் ஸ்வரங்களை ஏற்றியும் இறக்கியும் வைக்கிறது. மைக் உதட்டருகே இருந்தால் இது கொஞ்சம் மறையும். வீணைக்கோ மிருதங்கத்துக்கோ தள்ளி மைக் வைக்கும்போது முழுசாகத் தெரியும். இரண்டு லட்சம் ரூபாய் மைக் வாங்கினால் இந்தக் கோளாறு இன்னும் துல்லியமாகப் பதிவாகும்.

என்ன செய்யலாம்? முதலில் நடுவை விட்டு நகருங்கள். ஒரு சுவரிலிருந்து நாலடி தள்ளி, பக்கச் சுவர்களுக்குச் சமதூரம் இல்லாமல் நின்று பாடிப் பாருங்கள், கீழ்ஸ்வரங்கள் எந்த இடத்தில் சமமாக வருகின்றன என்று கேளுங்கள். அடுத்தது மூலைகள். நாலு அங்குல ராக்வுல் பலகையைத் துணியால் மூடி, பின்னால் நாலு அங்குலம் இடைவெளி விட்டுக் குறுக்கே நிறுத்தினால், கீழ்ப்பகுதியின் கொட்டம் ஓரளவு அடங்கும். அது கைவசம் இல்லாதவரை, சுருட்டிய இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வையுங்கள், ராக்வுல் அளவுக்கு இல்லாவிட்டாலும் மாறுதல் தெரியும்.

இன்னொன்றைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் வளைந்த ஃபோம் தட்டி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். கார்டியாய்ட் மைக் பார்ப்பது பாடுகிறவரை, அதோடு அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. குரல் எங்கெங்கோ மோதி அந்தச் சுவரிலிருந்துதான் மைக்கின் முகத்துக்கு வருகிறது. தடித்த ரஜாயோ கம்பளியோ தொங்கவேண்டியது அங்கே. புடவைகள் நிரம்பிய பீரோ இருந்தால் கதவுகளைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை.

அறையை விட்டுவிட்டுக் கேபிளுக்குச் செலவிடுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேலன்ஸ்டு கேபிள், உறுதியான சாலிடர் இருந்தால் போதும், தங்கமுலாம் பூசியதால் பாட்டு மாறாது. ஸ்பீக்கரிலும் விலையே எல்லாம் அல்ல. ஸ்டுடியோ உலகமே பல ஆண்டுகள் நம்பியிருந்த யமஹா என்எஸ்-10, 1978-இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்த பெட்டி.

"192 கிலோஹெர்ட்ஸில் பதியாவிட்டால் கமகம் உடைந்துவிடும்"

கர்நாடக சங்கீதக்காரர்களிடம் இந்தப் பயம் ஆழமாக இருக்கிறது. டிஜிட்டல் என்பது படிப்படியாக வெட்டியது, கமகமோ இழைவது, படிகளுக்கு நடுவே உள்ளது தொலைந்துபோகும் என்கிறார்கள். புத்தகங்களில் வரையும் படிக்கட்டுப் படம்தான் இந்தப் பயத்தை வளர்த்தது. உண்மையில் கருவியிலிருந்து வெளியே வருவது படிக்கட்டு அல்ல, வழுக்கிச் செல்லும் அலை. நொடிக்கு எடுக்கும் மாதிரிகளில் பாதி எண்ணிக்கைக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும் என்பது கணிதம். சிடி வந்த நாளிலிருந்து இருக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் அடங்கிவிடுகிறது. தோடியின் காந்தாரத்தை எவ்வளவு அசைத்தாலும் அந்த அசைவு நொடிக்குச் சில தடவைதான்.

2007-இல் மேயரும் மொரனும் அமெரிக்காவில் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முயற்சிகளில் 276 தான் சரி. காசு சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, பாதியைச் சற்றே தாண்டிய வித்தியாசம் தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கணிசமாகக் கூடுதல். அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த மெல்லிய வித்தியாசத்துக்காக ஹார்ட் டிஸ்க்கை நிரப்புகிறவர், அறையில் அடிக்கும் 113 ஹெர்ட்ஸை விட்டுவிடுகிறார் என்பதுதான் என் ஆதங்கம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளமாகப் போதும். 24 பிட் மட்டும் அவசியம். உச்ச ஸ்வரம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் நிம்மதியாகப் பதியலாம், தாரஸ்தாயியில் குரல் எகிறினாலும் உடையாது.

"மற்றவர் பாட்டைவிடச் சத்தமாக இருந்தால்தான் கேட்பார்கள்"

ஸ்பாட்டிஃபையில் பெரும்பாலும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் போடுகிறார்கள். யூடியூபும் சத்தம் கூடியதை இறக்கிவிடும். மாஸ்டரிங்கில் நசுக்கி மைனஸ் 7-க்கு ஏற்றிய பாட்டு, கேட்கிறவரிடம் 7 டெசிபல் குறைந்துதான் போய்ச்சேரும். நசுக்கியது மட்டும் மிஞ்சும். வீணையின் மீட்டு மழுங்கியிருக்கும், மிருதங்கத்தின் சாப்பு எழும்பாது. இப்படிப்பட்ட பதிவுகளைக் கேட்கும்போது வாசித்தவருக்காக வருத்தமாக இருக்கிறது. அவர் கைவிரலில் இருந்த வித்தியாசத்தை அழித்துவிட்டோம்.

"இப்போதைக்கு எடுத்துவிடுவோம், மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம்"

மிருதங்கத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கறுப்புச் சாந்து இருப்பதால்தான் அந்தத் தோல் ஸ்வரம் பேசுகிறது. சாதாரணத் தோல் வாத்தியங்களில் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று சேராமல் சிதறும். இங்கே அவை அடிப்படை அதிர்வின் முழு மடங்குகளாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார், 1934-இல் விரிவாக ஆராய்ந்தார். ஸ்ருதி தோலின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி இருந்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். குலைந்ததை எந்த ஈக்வலைசராலும் திரும்ப அடுக்க முடியாது.

ஏசி அறையில் இன்னொரு தொல்லை. காற்று உலர உலரத் தோல் இறுகும், ஸ்ருதி மேலே போகும். வெளியிலிருந்து கொண்டுவந்த வாத்தியத்தை உடனே ஸ்ருதி சேர்த்துப் பதிவைத் தொடங்கினால், நாலாவது டேக்கில் பாட்டோடு ஒட்டாது. அரை மணி நேரம் அறையிலேயே கிடக்கட்டும், பிறகு கல்லை எடுங்கள். இடப்பக்கத் தோலான தொப்பியில் பூசிய ரவையும் காயும், இடையிடையே தொட்டுப் பார்த்து ஈரப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மைக் இரண்டு வைப்பதானால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, இரண்டும் ஓரடி தள்ளி, தோலின் நடுவை நோக்காமல் கொஞ்சம் விளிம்பு பக்கமாக. எதிரெதிரே பார்க்கும் இரண்டு மைக்குகளில் ஒரே அடியின் அலை தலைகீழாகப் பதிவாகி, சேர்க்கும்போது ஒன்றையொன்று அழிக்கக்கூடும். பதிவு தொடங்கும் முன் வாசிப்பவரைத் தொப்பியில் மட்டும் சில கும்கி கொடுக்கச் சொல்லி, இரண்டு மைக்கையும் திறந்து வைத்து, தொப்பி மைக்கின் போலாரிட்டி பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கும்கி எதில் அடிவயிற்றிலிருந்து நிறைந்து வருகிறதோ, பட்டனை அந்த நிலையில் விட்டுவிட்டு டேக்கைத் தொடங்கலாம்.