பேஸ் கிட்டார் வராதவனின் விரல்கள்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வரைகதையின் முப்பது பக்கங்களையும் இரண்டு தடவை பார்த்தேன். கோடு நன்றாக விழுகிறது. ஆனால் உன் பையன்கள் முதல் கட்டத்திலேயே உலகத்தை ஜெயித்தவர்களைப் போல நிற்கிறார்கள். நேற்று சேர்ந்த ராக் குழுவுக்கு இத்தனை மிடுக்கு எங்கிருந்து வந்தது?

ஆர்னே பெல்ஸ்டார்ஃபின் 'பேபிஸ் இன் பிளாக்' கிடைத்தால் பார். 2010இல் ஜெர்மனியில் வந்த கறுப்பு வெள்ளை வரைகதை. 1960இல் பீட்டில்ஸ் ஹாம்பர்க்கில் வாசித்த காலம். ஆனால் கதை, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃபுக்கும் அந்த ஊர்ப் பெண் ஆஸ்ட்ரிட் கிர்ஷெருக்கும் வந்த காதல். ஆஸ்ட்ரிட்டிடமே கேட்டு வரைந்திருக்கிறார். அதே குழுவின் ஜான் லென்னனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறொருவன் கதையைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

அப்போது அவர்கள் படுத்தது ஒரு சினிமா கொட்டகையில், திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய அறையில். குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 17. வயது போதாது என்று நவம்பரில் அவனை நாட்டைவிட்டு அனுப்பினார்கள். கதையின் முடிவு உன் வாசகனுக்குத் தெரிந்திருக்கலாம், தம்பி. பாத்திரத்தின் முகத்தில் அது தெரியக் கூடாது.

ஸ்டூவர்ட் ஓவியன். படம் விற்ற காசு கையில் இருந்ததால் பேஸ் வாங்கினான், வாசிப்பு சுமார்தான். பழகியவன் தன் இடது கையைப் பார்க்க மாட்டான். பழகாதவனுக்குத் தலை அங்கேயே குனிந்திருக்கும், விரல் நுனி கன்றியிருக்கும். அந்த விரலை ஒரு கட்டம் முழுக்கப் போடு. காற்றில் நீ மிதக்கவிட்ட இசைக்குறிகளை எல்லாம் அழித்துவிடு. காகிதத்தில் சத்தம் வராது, அதைக் கேட்கிற முகம் வரும்.

உன் காதல் காட்சிகளில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. குமிழுக்குக் குமிழ் வசனம்! ஆஸ்ட்ரிட்டுக்கு இங்கிலீஷ் அரைகுறை, ஸ்டூவர்ட்டுக்கு ஜெர்மன் வராது. அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பேசிக்கொண்டார்கள். ஒரு கட்டத்தில் அவன் விரல் ஒரு சொல்லில் நிற்கட்டும். அடுத்ததில் அவள் குனிந்து படிக்கட்டும். போதும். அவனுக்கு அவள் முடி வெட்டிவிட்டதும் அப்படித்தான்: கத்தரிக்கோல், பிடரி, தரையில் மயிர். பிற்பாடு ஊரே அந்தத் தலையைக் காப்பியடித்தது என்று ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதிவிடாதே.

1961இல் அவன் குழுவை விட்டுவிட்டு ஹாம்பர்க்கிலேயே ஓவியம் படிக்கத் தங்கிவிட்டான். 1962 ஏப்ரல் 10ஆம் தேதி, மூளையில் ரத்தக்கசிவால் இறந்தான். வயது 21. மறுநாள் குழு நண்பர்கள் விமானத்தில் ஹாம்பர்க்கில் வந்து இறங்கினார்கள். ஆஸ்ட்ரிட் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. 13ஆம் தேதி ஸ்டார் கிளப் திறப்பு, மேடையேறி வாசித்தார்கள்.

இந்த வாரம் உன் கதையை ஒதுக்கி வை. அந்த விமான நிலையத்தில் அவள் காத்து நிற்கும் ஒரே ஒரு பக்கத்தை வரைந்து எனக்கு அனுப்பு. வசனம் கூடாது.

அன்புடன்,
அண்ணன்